ராக் அண்ட் ரோலுக்குக் கெட்டிமேளம்

லேப்டாப்பிலிருந்து பிள்ளையார் பாட்டு கிளம்பியபோது, ஹாலின் நடுவில் நாற்பது பேர் ஜைவ் ஆடுவதற்காகக் கைகோத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

சுகுமாரன் போட நினைத்தது என்னவோ அதிரடியான ராக் அண்ட் ரோல்தான். ஆனால் முப்பது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பதினாறாம் நாள் காரியம் என்று பேராக் மாநிலத்தில் எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் பிள்ளையாரைக் கூப்பிடாமல் அவர் ஆரம்பித்ததே கிடையாது. கை தானாக அந்தப் பாட்டுக்குப் போய்விட்டது.

"என்னங்க, நிறுத்துங்க!" என்று மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி புஷ்பலதா பல்லைக் கடித்தாள். மடியில் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் இருந்தது.

"சாமி பாட்டை எப்படிப் பாதியில நிறுத்துறது? பாவம் புஷ்பா."

ஆக, பாட்டு முழுதாக நாலரை நிமிடம் ஓடியது. கூட்டத்தில் இருந்த தமிழர்கள் ஒவ்வொருவராகக் காலணியைக் கழற்றினார்கள். மிஸ்டர் லியோங்கும் அவர் மனைவியும் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்கள். சரளா அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு, கிளப்பிலேயே அவரைப்போலக் காலைத் தூக்கி ஆட ஆள் இல்லை. அவர்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"தம்பி, இதுக்கு ஆடணுமா, கும்புடணுமா?"

ஈப்போ பழைய நகரில், ஹுசைன் பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறுதோறும் இரண்டு மணிக்குக் கூடி ஐந்து மணிக்குக் கலைவது அந்த ராக் அண்ட் ரோல் கிளப். அங்கே ஆக இளையவருக்கு வயது அறுபத்தொன்று. பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் மகள் வீட்டோடு இருக்கப் பாரிட் புந்தாருக்குப் போய்விட்டதால் டிஜே இடம் காலியாகிவிட்டது. மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஞாயிறு பரீட்சை. முதல் இருவரும் போட்டு முடித்துவிட்டார்கள். மூன்றாவது சுகுமாரன். இன்றைக்கே முடிவைச் சொல்லிவிடுவதாகக் கிளப் தலைவர் தர்மேந்திரன் சொல்லியிருந்தார்.

சுகுமாரனுக்கு இந்த டிஜே வேலை மேல் ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. முப்பது வருடம் பாட்டுப் போட்டும் அவரை ஒருத்தரும் கண்டுகொண்டதில்லை. கல்யாணத்தில் சனம் முதலில் பெண்ணைப் பார்க்கும், பிறகு கோழிக்கறியைப் பார்க்கும். காரிய வீட்டில் மாலை போட்ட படத்தைப் பார்க்கும். பாட்டு நின்றுபோனால் மட்டும் "ஸ்பீக்கர்காரன் எங்கப்பா போனான்?" என்று தேடும். தான் போடுகிற பாட்டுக்கு நாலு பேர் எழுந்து ஆடுவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஐம்பத்தாறு வயதில் அவர் மனம் ஏங்கியது.

அது மட்டுமா? செமோரில் அவர் பிறந்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி இருபது வருடம் ஆகிறது. தோட்டத்து வாட்சப் குழு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடன் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'டிஜே சுகு' என்று முதுகில் அச்சடித்த சட்டையைப் போட்டுப் படம் எடுத்து, காலையிலேயே அதில் போட்டுவிட்டிருந்தார். இனிமேல் தோற்றுவிட்டுச் செமோர் பக்கம் தலைகாட்ட முடியாது.

பிள்ளையார் ஓய்ந்தார். மன்னிப்புக் கேட்போம் என்று சுகுமாரன் மைக்கை எடுத்தார். எடுத்திருக்கக் கூடாது. மைக்கைத் தொட்டால் அவருக்குக் குரலே மாறிவிடும்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த இனிய விழாவுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் திரு. தர்மேந்திரன் அவர்களை வருக வருக என இருகரம் கூப்பி..."

மதிப்பிற்குரிய தலைவர் அமரவில்லை. எழுபத்தொரு வயதில், கூர்முனைக் காலணி போட்டு, ஒரு காலை முன்னால் நீட்டி, ஜைவுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, பாட்டு," என்றார்.

ஒருத்தர் பேரைச் சொல்லிவிட்டு மற்றவர்களை விடுவது எப்படி? முன்பு ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கல்யாணத்தில் தாய்மாமன் பேரை விட்டுவிட்டு, அவர் கோபத்தில் மைக் வயரையே பிடுங்கிவிட்ட அனுபவம் சுகுமாரனுக்கு உண்டு. அதனால் வருகைப் பட்டியலை எடுத்து நாற்பது பேரையும் வரவேற்றார். பத்தொன்பதாவது பேர் வருவதற்குள் ஆறு பேர் படி இறங்கிவிட்டார்கள்.

"எங்க போறாங்க?" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"தொண்டை காஞ்சு போச்சாம். நீங்க பேசுனா கேக்குறவங்களுக்குக் காயுது," என்றாள் புஷ்பலதா.

ஒருவழியாக உண்மையான பாட்டைப் போட்டார். கிதார் வெட்டி இழுத்த முதல் விநாடியிலேயே ஹால் துள்ளி எழுந்தது. தர்மேந்திரன் சுழன்றார். லியோங் மனைவியைப் பிடித்துச் சுண்டிவிட்டு மறுபடி பிடித்தார். சரளா அக்காவின் கால் போன உயரத்தைப் பார்த்துப் புஷ்பலதா வாயைப் பிளந்தாள். முப்பத்துநாலு பேரும் சுகுமாரன் போட்ட பாட்டுக்கு ஆடினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுக்குத்தானே இத்தனை வருசம் காத்துக் கெடந்தேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரர் படியேறி வந்தார்.

"அண்ணே, ஒரு வெள்ளை மைவி காரு என் லாரிய மறிச்சு நிக்குது. சொல்லுங்கலா."

விழா எதுவானாலும் வண்டி மறித்தால் அறிவிப்பது மைக்செட்காரனின் முதல் கடமை. சுகுமாரன் பாட்டை வெட்டினார். சுழன்றுகொண்டிருந்த தர்மேந்திரன் பாதிச் சுற்றில் சுவரைப் பார்த்து நின்றார்.

"நம்பர் என்னங்க?"

"நம்பரெல்லாம் யாரு பாத்தா? வெள்ளை."

"அன்பர்களே, ஒரு வெள்ளை நிற மைவி வாகனம் பாதையை மறித்து நிற்கிறது. உரியவர் உடனே சென்று அகற்றவும்!"

ஈப்போவில் இப்படி ஒரு அறிவிப்பைச் செய்வதற்குப் பதில் 'வீட்டில் அரிசி வைத்திருப்பவர்கள் வெளியே போகவும்' என்று சொல்லியிருக்கலாம். பதினான்கு பேர் பையைத் தடவிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்கள். பத்து நிமிடம் ஆகியும் ஒருத்தரும் மேலே வரவில்லை.

மிச்சமிருப்பவர்களையாவது பிடித்து வைப்போம் என்று சுகுமாரன் மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டார். ஜோடி ஜோடியாக அணைத்துக்கொண்டு ஆடும் பாட்டு. சாவியோடு கீழே போனவர்கள் பெரும்பாலும் புருசன்மார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. நடு ஹாலில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரைப் புடிச்சு ஆடச் சொல்ற? தூணையா?" என்றார் சரளா அக்கா.

புருசனைத் தேடிக்கொண்டு எட்டுப் பேர் இறங்கினார்கள்.

"ஐயோ, நீங்க ஒண்ணும் பண்ணாம பாட்ட மட்டும் போடுங்களேன்!" என்று புஷ்பலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதான் சுகுமாரனுக்கு வராத ஒரே வேலை. கீழே போனவர்களின் காதில் விழுந்தால் மேலே வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். பெரிய ஸ்பீக்கரை மாடிப்படி பக்கம் திருப்பினார். தீமிதித் திருவிழாவுக்கு வைக்கும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றினார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. காதில் கருவி மாட்டியிருந்த மூன்று பேர் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள்.

அவர்களைத் தாண்டிக்கொண்டு ஹுசைன் பாய் மேலே வந்தார். கையில் குழம்புக் கரண்டி.

சுகுமாரன் எழுந்து நின்றார். கடைக்காரரும் சண்டைக்கு வந்துவிட்டால் டிஜேயாவது, மண்ணாங்கட்டியாவது! ஹுசைன் பாய் வாசலில் நின்று, காலி நாற்காலிகளை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"சத்தம் ஜாஸ்தியா பாய்? இந்தா, கொறச்சிடுறேன்."

"சேச்சே, எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நீங்க உங்க இஷ்டத்துக்குப் போடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் வந்த வேகத்தில் கீழே ஓடினார்.

நல்ல மனுசன், கோபத்தைக்கூட மரியாதையாகக் காட்டுகிறார் என்று சுகுமாரன் புரிந்துகொண்டார். உடனே சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். இப்போது ஹாலில் மிச்சம் ஒன்பது பேர். ஓடிக்கொண்டிருந்தது சா சா நடனப் பாட்டு. ஆனால் மின்விசிறிச் சத்தத்தில் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. ஒன்பது பேரும் ஒன்பது தாளத்தில் ஆடினார்கள். தர்மேந்திரன் இரண்டு முறை தன் காலையே மிதித்துக்கொண்டார்.

சரளா அக்கா சட்டென்று நின்று இடுப்பில் கையை வைத்தார்.

"என்னய்யா இது? எழவு வீடு மாதிரி இருக்கு!"

இங்கேதான் சுகுமாரனின் முப்பது வருட அனுபவம் வேலை செய்தது. சபையில் ஒருத்தர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்தால், அது மற்றவர் காதில் விழுவதற்கு முன்னால் கெட்டிமேளத்தைத் தட்டிவிட வேண்டும். தும்மல், அழுகை, 'செத்தான்', 'எழவு' எதுவானாலும் அவர் இதுவரை தவறவிட்டதில்லை. இன்றைக்கும் தவறவிடவில்லை. ஒரு கை கெட்டிமேளத்தைத் தட்ட, மறுகை சத்தத்தை உச்சிக்கு ஏற்றியது. நாதஸ்வரமும் தவிலும் ஹாலைப் பிய்த்துக்கொண்டு கிளம்பின.

தர்மேந்திரன் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். புஷ்பலதா சடாரென்று எழுந்து, கைநிறைய இருந்ததை அட்சதை என்று நினைத்து நடு ஹாலில் நின்ற ஜோடியின் தலையில் வீசினாள். கச்சாங் பூத்தே!

ஜோடி, லியோங் தம்பதி. மணமாகி நாற்பத்தாறு வருடம் ஆனவர்கள். லியோங் காதோரம் ஒட்டிய கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நமக்கு மறுபடியும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்களா என்று மனைவியிடம் மலாயில் கேட்டார். ஒரு தடவை பட்டதே போதும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் லியோங். அவர் பின்னால் சரளா அக்காவும் மற்றவர்களும். கடைசியாகத் தர்மேந்திரனும் படி இறங்கினார்.

மணி மூன்று இருபது. ஹாலில் சுகுமாரனும் புஷ்பலதாவும் மட்டும்.

அவர் லேப்டாப்பை மூடினார். வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். வயர் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு புஷ்பா," என்றார்.

புஷ்பலதாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிக்கலை எடுத்தாள்.

"விடுங்க. அந்த ஒரு பாட்டுக்கு எப்படி ஆடுனாங்க! நான் பாத்தேன்ல."

"குழுவுல என்னன்னு சொல்றது?"

"போன் கெட்டுப் போச்சுன்னு சொல்லுங்க."

படியில் காலடி கேட்டது. தர்மேந்திரன். முகத்தில் ஈயாடவில்லை. நேராக வந்து சுகுமாரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, நீங்கதான் டிஜே. அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு வந்துருங்க."

சுகுமாரன் புஷ்பலதாவைப் பார்த்தார். புஷ்பலதா தர்மேந்திரனைப் பார்த்தாள்.

"அண்ணே, நெசமாவா?"

"நெசந்தான்." தர்மேந்திரன் பெருமூச்சு விட்டார். "எதையும் மாத்த வேணாமாம். இன்னிக்கிப் போட்ட மாதிரியே போடணுமாம்."

"பிள்ளையார் பாட்டு?"

"அதுவும்."

"வரவேற்புரை?"

தர்மேந்திரன் தலையாட்டினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார்போல் இருந்தது. மனுசருக்கு அவ்வளவு சந்தோஷம் என்று சுகுமாரன் நினைத்துக்கொண்டார்.

படி இறங்குவதற்குள் வாட்சப் குழுவில் செய்தி போய்விட்டது. மாலை, மத்தாப்பு, கைதட்டல் என்று படங்கள் வந்து குவிந்தன. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தால், கிளப் ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கடையில் உட்கார இடமில்லை. ஹுசைன் பாயே ஓடிவந்து ஸ்பீக்கரை வாங்கி வைத்தார். இரண்டு நாற்காலி தேடிப் போட்டார். கேட்காமலே சோறும் பெரிய துண்டாக ஆட்டுக்கறியும் வந்தன.

"பாத்தீங்களா பாய்? கமிட்டிக்கு என் திறமை தெரிஞ்சிருக்கு," என்றார் சுகுமாரன், நெஞ்சு விம்ம.

"கமிட்டிக்கு என்னண்ணே தெரியும்? ஹாலச் சும்மா குடுக்குறது நானு, டிஜேவ வைக்கிறதும் நானு," என்று அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார் ஹுசைன் பாய். "போன ரெண்டு ஞாயிறும் வந்தவங்க ரொம்ப நல்லாப் போட்டுட்டாங்கண்ணே, அஞ்சு மணி வரைக்கும் ஒரு ஆளு படி எறங்கல!"