சயாட்டிகா என்கிற பெண்

பேயோட்டி ஐயாவைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கே வந்து வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஐயாவின் அறை. இடுப்பு பிடித்தவர், முழங்கால் தேய்ந்தவர், எழுந்து நிற்கவே இரண்டு ஆள் வேண்டியவர் எல்லாரும் முப்பத்தெட்டுப் படி ஏறித்தான் அந்த அருளைப் பெற்றாக வேண்டும். ஏறி முடித்து உட்கார்ந்ததும், "ஐயா வாசலை மிதிச்சேன், பாதி வலி போயிடுச்சு" என்பார்கள். படி ஏறுவதை நிறுத்தினால் வலி குறையாமல் என்ன செய்யும்? அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. கீழே மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை நம்ம ஓட்டுநரும் வந்திருந்தார். இருவரும் ஓட்டுகிறவர்கள்தான். இவர் பேருந்து ஓட்டுகிறவர், மாடியில் இருப்பவர் பேய் ஓட்டுகிறவர். பேருந்து ஓட்டுவதற்கு மட்டும் உரிமம் கேட்கிறார்கள்.

ஓட்டுநருக்கு மூன்று மாதமாக வலி. வலது இடுப்பில் கிளம்பித் தொடை, ஆடுதசை, குதிகால் என்று ஒரு நிறுத்தம் விடாமல் இறங்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். நூறு பேரைப் பார்த்துக் களைத்திருந்த டாக்டர் இவருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார். "சயாட்டிகா பிடிச்சிருக்கு. ஸ்கேன் எடுத்தாத்தான் மத்தது தெரியும்" என்று தேதி குறித்துக் கொடுத்தார். "கால் மரத்துப்போனா தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வாங்க" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் கதவு சாத்தும் சத்தத்தில் போய்விட்டது.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னவாம்?"

"சயாட்டிகாவாம்."

"யாருங்க அவ?"

"எனக்கென்ன தெரியும்? பிடிச்சிருக்குன்னார் டாக்டர்."

"யாருக்கு யாரைப் பிடிச்சிருக்கு?" மனைவியின் குரல் ஏறியது.

"ஐயோ, எனக்கு அவளைப் பிடிக்கல! அவதான் என்னைப் பிடிச்சிருக்கா!"

வாயிலிருந்து 'அவ' என்று வந்தது, அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து ஒரு வலி பெண்ணாகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருத்தி இல்லை, பேய்தான் என்று தெரிந்ததில் மனைவிக்கும் ஒரு நிம்மதி. மறுநாளே கணவரைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

பேயின் பெயரைக் கேட்டதும் ஐயாவுக்கு வாயெல்லாம் பல். பெயரோடு வருகிற பேய் எவ்வளவு வேலையை மிச்சம் பிடிக்கிறது! கண்ணை மூடினார், மணியை ஆட்டினார், ஓட்டுநரின் காக்கிச் சட்டையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"சயாட்டிகா... சின்னப் பொண்ணு. ஓடி வர்றா. கையைக் காட்டறா. நீ வண்டியை நிறுத்தல."

ஓட்டுநருக்கு வியர்த்துவிட்டது. ஒரு மழை நாளில், கூட்டம் பிதுங்கிய வண்டியை நிறுத்தாமல் போனது ஞாபகம் வந்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு பெண், தலையில் பையைப் பிடித்துக்கொண்டு, கையை ஆட்டியபடி ஓடி வந்தாள். எந்த ஓட்டுநரின் கண்ணாடியில்தான் அப்படி ஒருத்தி ஓடி வந்ததில்லை?

"அன்னைக்கே அடுத்த வண்டியில அடிபட்டுப் போயிட்டா" என்றார் ஐயா. "உன் வலது கால்லதானே வலி? பிரேக்கை மிதிக்காத கால்!"

கூட்டம் 'உச்' கொட்டியது. ஓட்டுநர் குழந்தை மாதிரி அழுதார். பிறகு ஐயா பிரம்பை எடுத்து இடுப்பில் விளாசினார். "அடி உனக்கில்லப்பா, அவளுக்கு" என்று சமாதானமும் சொன்னார். 'அம்மா' என்று அலறியது என்னவோ ஓட்டுநர்தான்.

மொத்தம் மூன்று அமர்வு என்று கணக்கு. ஸ்கேன் தேதியை மனைவி சொன்னதும், ஐயா மூன்றாவது அமர்வை அதே நாளில் வைத்தார். "மெஷினைப் பாத்தா அவ சுருண்டு ஒளிஞ்சுப்பா. அப்புறம் என்னாலயும் ஆகாது." எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

அந்த வியாழக்கிழமைதான் இது. மனைவி விடியலிலேயே போய் மாடியில் இடம் பிடித்திருந்தாள். ஓட்டுநரைக் கூட்டி வந்தவள் அவருடைய கொழுந்தியாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள். பதினொரு மணி ஸ்கேனுக்கு அவரை எப்படியாவது இழுத்துப்போக வேண்டுமென்று விடுப்பு எடுத்திருந்தாள். பாதிப் படியில் அவள் நின்றாள்.

"அத்தான், வலது செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். வெறுங்கால். செருப்பு ஏழு படிக்குக் கீழே கிடந்தது.

"கழண்டது தெரியலையா?"

"தெரியல."

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு நாளா. பாதம் கட்டை மாதிரி இருக்கு. அக்காகிட்ட சொல்லிடாத."

"வேலைக்குப் போனீங்களே! பிரேக்கை மிதிக்கிறது எப்படித் தெரியுது?"

"வண்டி நிக்குதில்ல, அதை வெச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

அந்த வண்டியில் அறுபது பேர் போகிறார்கள். "திரும்புங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் வரல" என்றார் ஓட்டுநர். கண் கலங்கியிருந்தது. "மழையில ஓடி வந்த பொண்ணும்மா. நான் நிறுத்தாம போனேன். அவ மன்னிக்காம என் கால் எப்படி சரியாகும்?"

இதற்கு எந்த எக்ஸ்ரேயும் பதில் சொல்லாது என்று அவளுக்குப் புரிந்தது. கீழே இறங்கிச் செருப்பை எடுத்து வந்து மாட்டிவிட்டு அவரோடு மேலே ஏறினாள்.

அறையில் எள் போட்டால் விழாது. ஐயா பிரம்பைத் தடவியபடி, "இன்னைக்கு அவ ஓடிடுவா" என்று அறிவித்தார். கொழுந்தியாள் பவ்யமாகக் கை கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறேன். படம் பிடிச்சுப் பாத்ததுல, இந்த மாதிரி காலுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்கறதாத் தெரியுது. ஒருத்தி பேரு டிபியா, இன்னொருத்தி ஃபிபுலா."

ஐயா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "முதல் நாளே பாத்துட்டேன். பயந்துடுவீங்கன்னு சொல்லல. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும்."

"பெரியவ யாருங்கய்யா?"

"டிபியா. நல்ல தாட்டியானவ. ஃபிபுலா ஒல்லி. அக்காவை ஒட்டிக்கிட்டே நிப்பா."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"ரெண்டு பேரையும் வெளியே எடுத்துடுவீங்களா?"

"இன்னைக்கே எடுத்து வீசறேன்!"

"இந்தக் கூட்டத்துல வேற யாருக்காவது இருக்காங்களா ஐயா?"

ஐயா பார்வையைச் சுழற்றினார். கொஞ்சம் வசதியாகத் தெரிந்த இரண்டு பேரைக் காட்டினார். "அவருக்கு இருக்கா. அந்தம்மாவுக்கும் இருக்கா." அவர்கள் இருவரும் வெளிறிப்போனார்கள்.

"உங்களுக்கு ஐயா?"

"எனக்கா!" ஐயா நெஞ்சை நிமிர்த்தினார். "டிபியாவும் ஃபிபுலாவும் என்கிட்ட நெருங்க முடியுமா? என் கால்ல அப்படி எதுவுமே கிடையாது!"

"அப்படின்னா எதை வெச்சுய்யா நிக்கறீங்க?" என்றாள் கொழுந்தியாள். "முழங்காலுக்குக் கீழ இருக்கிற ரெண்டு எலும்போட பேருதான் அது."

"பொய் சொல்றா!" என்று ஐயா மணியை ஆட்டினார். கூட்டத்திலும் நாலு பேர், "ஐயாவையே எதிர்த்துப் பேசறியா?" என்று எகிறினார்கள். அப்போதுதான் பின்வரிசை இருமல் எழுந்து நின்றது. ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். முழங்கால் வலிக்காக மூன்று வாரமாக அதே அறைக்கு வந்துகொண்டிருப்பவர்.

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "முப்பது வருஷம் போர்டுல படம் வரைஞ்சு பேர் எழுதிப் போட்டிருக்கேன். டிபியா பெருசு, ஃபிபுலா சிறுசு. எல்லார் கால்லயும் இருக்கும்."

"அப்ப சயாட்டிகா?" என்று கேட்டாள் மனைவி.

"இடுப்பிலேர்ந்து குதிகாலுக்குப் போற நரம்பு நசுங்கினா வர்ற வலி, அக்கா. அந்த வலியோட பேரு" என்றாள் கொழுந்தியாள்.

ஓட்டுநர் சுவரைப் பிடித்து எழுந்தார். மரத்த காலை இழுத்துக்கொண்டு ஐயாவின் முன்னால் போய் நின்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" ஐயாவுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அவர் தினமும் இருபது பெண்களைச் சாகடிப்பவர்.

"மழையில ஓடி வந்தவ! அடிபட்டுச் செத்தான்னு சொன்னியே! ரெண்டு வாரமா கண்ணை மூடினா அவ முகம்தான்யா எனக்கு. சோறு இறங்கல. கொலைகாரன்னு நினைச்சுக் கூனிக்குறுகிப் போயிருக்கேன். அவ உயிரோடதான் இருக்காளா? சொல்லுய்யா!"

ஐயா பிரம்பைத் தேடினார். அது வாத்தியாரின் கையில் இருந்தது. ஓட்டுநருக்கு அடிக்கக் கையே வரவில்லை. அப்படியே உட்கார்ந்து, "செத்துப்போகலை, அவ செத்துப்போகலை" என்று விம்மினார். ஐயா அந்தச் சந்தடியில் முப்பத்தெட்டுப் படியையும், தன்னிடம் இல்லாத அந்த நாலு எலும்பின் தயவில், வெகு வேகமாக இறங்கிப் போனார்.

பதினொரு மணி ஸ்கேனுக்கு ஓட்டுநர் போய்ச் சேர்ந்தார். முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. பிரம்படி அதற்கு நல்லதா செய்திருக்கும்? இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்தப் பாதம் திரும்பியே இருக்காது என்று திட்டித் தீர்த்துவிட்டு, டாக்டர் அடுத்த நாளே அறுவை சிகிச்சை செய்தார். வலி போனது. உணர்ச்சி மெல்ல மெல்லத்தான் வந்தது. கால் முழுசாகத் தேறும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லி, பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டில் உட்கார வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், கூண்டின் கம்பியில் ஒரு முகம் தெரிந்தது. அன்று மாடியில் டிபியா இருப்பதாக ஐயா கைகாட்டிய மனிதர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா இப்ப எந்த ஊர்ல இருக்காருன்னு தெரியுமாங்க?"

ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்களும்தானே அன்னைக்கு அங்க இருந்தீங்க! எல்லாத்தையும் பாத்தீங்களே!"

"பாத்தேங்க. டிபியா எலும்பு, ஒத்துக்கறேன். சயாட்டிகா நரம்பு வலி, அதையும் ஒத்துக்கறேன். அதெல்லாம் உங்க சமாச்சாரம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்குள்ள நிஜமாவே ஒரு ஆள் இருக்கான்னு ஐயா சொல்லியிருந்தாருங்க."

"இல்லீங்க" என்றார் ஓட்டுநர். "உங்களுக்குள்ள ஆளே இல்ல. இருந்திருந்தா இத்தனை நாள்ல ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான்."