தளபதி முகத்தில் கொஞ்சம் சிவப்பு

கண்ணாடிக்காரர் அந்த மாதம் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் இரவல் படையோடு சண்டைக்குப் போவதில்லை.

சண்டை என்றால் மாடிவீட்டில் நடக்கும் சண்டை. அங்கே குடியிருக்கும் லிஃப்ட் இன்ஜினியரின் சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம். அட்டையில் செய்த வீடுகள், குச்சியில் செய்த பாலம், பஞ்சில் செய்த மரங்கள். ஆளுக்கு ஐந்து வீரர்கள், ஒவ்வொருவரும் கட்டைவிரல் உயரம். பகடையை உருட்ட வேண்டும், நாடாவை வைத்து அளந்து நகர்த்த வேண்டும், வெட்ட வேண்டும், விழ வேண்டும். ஞாயிறு மாலையானால் இந்த இரண்டு பெரிய மனிதர்களும் மேஜையின் மேல் கவிழ்ந்துவிடுவார்கள்.

கண்ணாடிக்காரருக்கு வாரத்தில் நிம்மதி என்று ஒன்று இருந்தால் அது இந்த மாலைதான். மற்ற நாளெல்லாம் கடை. "சார், இது போட்டா தலை சுத்துது", "சார், மூக்குல அழுத்துது", "சார், எனக்கு இந்த எழுத்து தெரியல, ஆனா மேல இருக்கறது மனப்பாடம்." இதையே கேட்டுக் கேட்டு அவருடைய காது களைத்துப்போயிருந்தது. மாடிவீட்டில் யாரும் அவரை ஒன்றும் கேட்பதில்லை. நாடாவைக்கூட இன்ஜினியரே படித்துச் சொல்லிவிடுவார். கண்ணாடிக்காரர் தலையாட்டுவார். பிறகு தோற்பார்.

தோற்பதில்கூட அவருக்கு வருத்தமில்லை. இரவல் படைதான் உறுத்தியது. இன்ஜினியர் கொடுத்த ஐவரில் ஒருவனுக்குக் கை இல்லை. இன்னொருவனுக்குத் தலையே இல்லை. அவனைத்தான் தளபதியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் இன்ஜினியர் புது ஆட்டத்தை அறிவித்தார். இனி சாமுராய்ச் சண்டை. கூடவே ஒரு சட்டமும் போட்டார்.

"அவங்கவங்க படை, அவங்கவங்க பெயின்ட். யார் கையால பெயின்ட் அடிச்சதோ அவங்கதான் ஆடணும். சம்மதமா சார்?"

"நூத்துக்கு நூறு சம்மதம்," என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், படியில் பாதி இறங்கியபோதுதான், சம்மதித்தது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது.

ஏனென்றால் அவருக்குக் கிட்டத்தில் கண் தெரியாது.

இது ஊருக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர், "என்னைப் பாருங்க, இந்த வயசுலயும் கண்ணாடி கிடையாது," என்று நெஞ்சை நிமிர்த்துவார். கண்ணாடி விற்கிறவர் இப்படிப் பேசினால் யார் வாங்குவார்கள் என்று மனைவி எத்தனையோ தடவை கேட்டாயிற்று. செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பார். கை போதாமல் போனதும் செய்தித்தாளையே நிறுத்திவிட்டார். எல்லாம் பொய்ச் செய்தி என்று காரணமும் சொன்னார். உண்மையான காரணம் பயம். கண்ணாடி மாட்டிய அன்றைக்கே தான் கிழவனாகிவிடுவோம் என்று மனசார நம்பினார். கடையில் திருட்டுத்தனமாக மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. அங்கே வேலை பார்ப்பது மச்சினி. அங்கே தும்மினால் இங்கே வீட்டில் மாத்திரை தயாராக இருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் லேப்டாப்பை மேஜையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு இந்தக் கோடியில் உட்கார்ந்து படை தேடிக்கொண்டிருந்தார். மனைவி கிளினிக்கிலிருந்து வந்தார். பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போய், எதிரே இருந்த நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க பாக்கறீங்க?"

"படை."

"எந்தப் பொம்மை?"

"பொம்மை இல்ல. மினியேச்சர்."

"சரி, எந்த மினியேச்சர் பொம்மை?"

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, எல்லாருக்கும் மூக்கு வரைக்கும் தொப்பி?"

"அங்க வெயில் ஜாஸ்தி."

"இந்த செட்டுல எல்லாருக்கும் இரும்பு முகமூடி."

"தூசி."

"இவன் ஏன் திரும்பி நிக்கறான்?"

"பின்னாடி எதிரி வரான்."

"முகம்னு ஒண்ணு இருந்தா கண்ணு வரையணும். கண்ணு வரையணும்னா கண்ணு தெரியணும். அதானே சங்கதி?"

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அவருடைய வாழ்க்கையில் ரோஷம் வந்து நல்லது நடந்ததாகச் சரித்திரமே இல்லை. இருந்தாலும் வந்துவிட்டது. அந்த விற்பனைத் தளத்திலேயே ஆக நுணுக்கமான செட்டைத் தேடிப் பிடித்தார். கவசத்தைக் கட்டியிருக்கும் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். முடிச்சு தெரியும். கண்ணிமை தெரியும். தளபதியின் முதுகில் ஒரு கம்பம், அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொடி. ஒரே அழுத்து. வாங்கிவிட்டார்.

"சந்தோஷமா?" என்றார்.

"எனக்கென்ன," என்றார் டாக்டரம்மா. "பெயின்ட் அடிக்கப்போறது நீங்க."

பெட்டி வந்தது. கண்ணாடிக்காரர் பழைய செய்தித்தாளை விரித்து, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நாலு முடி மட்டும் இருக்கும் தூரிகையை எடுத்து உட்கார்ந்தார். வீரனைக் கிட்டே கொண்டுவந்தால் முகம் கலங்கி மாவாகிவிட்டது. கையை நீட்டினால் முகம் தெரிந்தது, தூரிகை எட்டவில்லை. வீரனை அலமாரியில் நிற்கவைத்துவிட்டுத் தள்ளி நின்று குறிபார்த்து அடித்தும் பார்த்தார். ஒருவழியாக ஒருவனை முடித்தார். அவர் கண்ணுக்குப் பிரமாதமாக இருந்தது.

டாக்டரம்மா அதைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். ஒரு கண் நெற்றியில் இருந்தது. இன்னொன்று மீசையில் இருந்தது.

"வெளிச்சம் சரியில்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆமா, சூரியனையே மாத்தணும்."

அப்படியே இரண்டு வாரம் ஓடியது. கழுத்து பிடித்துக்கொண்டது. ஞாயிறு நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் கெட்டது. படை இல்லாமல் போனால் இன்ஜினியர் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் மானம் போகும். போகாமலே இருந்தால் அந்த ஒரு மாலையும் போகும். இதையெல்லாம் யோசித்து யோசித்துத்தான் அந்தத் திட்டம் பிறந்தது.

மனைவியிடம் இருந்தது தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி. மயிரிழை அளவு ஓட்டையைக்கூட அடைக்கிற கை. கண்ணாடிக்காரர் அன்று தானே எழுந்து டீ போட்டார். இதிலேயே டாக்டரம்மாவுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"உன் கை மாதிரி கை யாருக்கு வரும்?"

"என்ன வேணும், சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம். சும்மா சொன்னேன். இப்படி ஒரு கையை வெச்சுக்கிட்டு வெறும் பல்லோட நிறுத்திட்டியேன்னு ஒரு ஆதங்கம்."

"அஞ்சும் நானே அடிக்கணுமா?"

"கலைன்னு வந்துட்டா அஞ்சு என்ன, ஆறு என்ன."

டாக்டரம்மா டீயைக் குடித்து முடித்தார். "அடிக்கறேன். ஆனா மாடிவீட்டு சார் கேட்டா?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "நேரம் பாத்து நானே சொல்லிடறேன்."

"வேணாம், நீங்களே அடிச்சதாச் சொல்லிக்குங்க. எனக்கு எதுக்கு அந்தப் பேரு? ஒண்ணே ஒண்ணு. முடிஞ்சதும் ஒவ்வொருத்தனையும் கையில எடுத்து நல்லாப் பாத்து, சரியா இருக்குன்னு நீங்க சொல்லணும். அப்புறம் குறை சொல்லக் கூடாது."

இவ்வளவு சுலபமாகப் படிந்துவிட்டாளே என்று கண்ணாடிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட திட்டங்களில் பலித்தது இது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டார்.

சனிக்கிழமை ஐவரும் தட்டில் வந்து நின்றார்கள். கண்ணாடிக்காரர் ஒவ்வொருவனையும் மூக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலர் கலராகப் புகை தெரிந்தது.

"பிரமாதம்!"

"தளபதியைப் பாருங்க. முகம் எப்படி இருக்கு?"

முகத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. "ஆகா! அந்தச் சிவப்பு இருக்கே..."

"அது என்னன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? கோபம்."

"ஆமா," என்றார் டாக்டரம்மா. "கோபம்தான். கொடி?"

"கொடி ரொம்ப நேர்த்தி. தொடவே வேணாம்."

ஞாயிறு மாலை டாக்டரம்மாவும் மாடிக்கு வந்தார். இன்ஜினியரின் மனைவி மாடிவீட்டம்மா கூப்பிட்டாராம். இருவரும் சோபாவில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். கண்ணாடிக்காரர் டப்பாவைத் திறந்து ஐவரையும் மேஜையில் ஏற்றினார். இன்ஜினியருக்கு வாய் பிளந்துவிட்டது.

"சார், நீங்களா அடிச்சீங்க?"

"பின்னே யாரு?"

"கயிறெல்லாம் கூடத் தனித்தனியா!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தளபதி முகத்தைப் பாருங்க. கோபத்தை எப்படிக் கொண்டுவந்திருக்கேன் பாருங்க."

இன்ஜினியர் தளபதியைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அப்புறம் அவருடைய தோள் குலுங்கியது. அப்புறம் மேஜை குலுங்கியது. குச்சிப் பாலம் சரிந்து விழுந்தது.

"சார், தளபதி கண்ணாடி போட்டிருக்காரு! சிவப்பு ஃபிரேம்!"

கண்ணாடிக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார். தெரியவில்லை என்றால் கண் போச்சு. தான் அடிக்கவில்லை என்றால் ஆட்டம் போச்சு. சோபாவைப் பார்த்தார். டாக்டரம்மா மாடிவீட்டம்மாவிடம் ஏதோ சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விளம்பரம்!" என்றார் கண்ணாடிக்காரர். "நம்ம கடை விளம்பரம். வேணும்னேதான் போட்டேன்."

"அதானா! கொடியில கூட என்னமோ எழுதியிருக்கீங்க. கடைப் பேரா? பொடி எழுத்தா இருக்கு, எனக்கே பிடிபடல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் கொடியைக் கிட்டே பிடித்தார். தூரப் பிடித்தார். கையை முழுசாக நீட்டினார். வெளிச்சம் என்று ஆரம்பிப்பதற்குள் மாடிவீட்டம்மா எல்லா விளக்கையும் போட்டுவிட்டார். டாக்டரம்மா எழுந்து வந்து, கைப்பையைத் திறந்து, ஒரு கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டார். கடையில் வருஷக்கணக்காக விலைபோகாமல் கிடந்த சிவப்பு ஃபிரேம். மச்சினியின் உபயம்.

உலகம் பளிச்சென்று வந்து அவர் முகத்தில் நின்றது. பகடையின் புள்ளி தெரிந்தது. கவசத்தில் ஓடிய நீலக் கயிறு தெரிந்தது, அதன் ஒவ்வொரு முடிச்சிலும் துளி வெள்ளை தெரிந்தது. தளபதிக்கு அவருடைய மீசை இருந்தது, அவருடைய முன்வழுக்கை இருந்தது, கண்ணுக்குக் கீழே அவருடைய களைப்புகூட இருந்தது. இத்தனை சின்ன முகத்துக்குள் தன்னை இவ்வளவு கவனமாக ஒருத்தி வரைந்திருக்கிறாளே என்று கண்ணாடிக்காரர் பூரித்துப்போனார். கிழவனாகிவிட்டோமா என்று யோசிக்கக்கூட மறந்துபோனார். அந்தச் சந்தோஷத்தில் கொடியிலிருந்ததை உரக்கப் படித்துவிட்டார்.

"பெயின்ட்: உங்க பெண்டாட்டி."

படித்த பிறகுதான் காதில் விழுந்தது.

இன்ஜினியர் எழுந்து, கண்ணாடிக்காரரின் நாற்காலியை இழுத்து டாக்டரம்மாவுக்குப் போட்டார். "சட்டம்னா சட்டம்தான் சார். அடிச்சவங்கதான் ஆடணும்."

"அப்ப நான்?"

"நீங்க நாடாவைப் படிங்க," என்றார் டாக்டரம்மா, உட்கார்ந்துகொண்டே. "இப்பதான் நல்லாத் தெரியுதே."

ஆட்டம் தொடங்கியது. இன்ஜினியர் தன் ஆளை நகர்த்தி, நாடாவை வைத்து, வழக்கம்போல, "ஆறு," என்றார். ஒரு தடவைக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், இது எட்டு."

இன்ஜினியருக்கு இருமல் வந்துவிட்டது. மாடிவீட்டம்மா சோபாவில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஜெயிச்சிருக்க வேண்டிய ஆட்டமெல்லாம்..." கண்ணாடிக்காரர் மனைவியிடம் குனிந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மாடிவீட்டம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. கண்ணாடி போடுங்க, கண்ணாடி போடுங்கன்னு நான் வேற எதுக்கு அடிச்சுக்கிட்டேன்?"

"அடுத்த வாரத்துலேருந்து கண்ணாடி போட்டுக்கிட்டே ஆடறேன். அப்ப பாரு!"

டாக்டரம்மா பகடையைக் கையில் குலுக்கினார். "சட்டப்படி அடுத்த வாரமும் நான்தாங்க, ரெண்டு பக்கமும். எதிர்க்கட்சிப் படைக்கும் என்னையே பெயின்ட் அடிக்கச் சொல்லி மாடிவீட்டு சார் போன மாசமே கொடுத்துட்டாரு."