மீட்டர் அண்ணாச்சியும் ஒன்பது ஆம்பியரும்

திருத்தங்கலில் கரன்ட்டைக் காதலித்த ஒரே மனிதர், எங்கள் காலண்டர் அச்சகத்து எலெக்ட்ரீஷியன் மீட்டர் அண்ணாச்சிதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் ஜெனரேட்டரைப் பார்ப்பார். வயரைக் கவ்வி ஆம்பியர் சொல்லும் மீட்டர் ஒன்று எப்போதும் இடுப்பில் தொங்கும். அது சொன்னதுதான் அவருக்கு வேதம்.

இரண்டாயிரங்களில் ஒரு சீசன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியோடு புது அச்சு இயந்திரம் வந்தது. ஓட்டினால் பிரேக்கர் விழுந்து கரன்ட் நின்றது. அண்ணாச்சி மீட்டரைப் போட்டார். ஒன்பது ஆம்பியர். வயர் தாராளமாகத் தாங்கும். பிரேக்கர்மேல் பழிபோட்டு மாற்றினார், புதியதும் விழுந்தது. ஆர்டர் நெருக்கிய முதலாளி, பெரிய பிரேக்கராகப் போடச் சொன்னார். போட்டதும் அது விழவில்லை. அண்ணாச்சி வயரைத் தொட்டார், சுட்டது. ஒன்பது ஆம்பியருக்கு ஏன் சுட வேண்டும்? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இயந்திரத்தைப் பார்க்க மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் தன் மீட்டரைப் போட்டார். பதினாலு. அது கோளாறு மீட்டர் என்று அண்ணாச்சி சண்டைக்குப் போனார். இரண்டையும் தண்ணீர் ஹீட்டரில் போட்டார்கள், ஒரே அளவு. மறுபடி இயந்திரத்தில், ஒன்பது, பதினாலு.

மெக்கானிக் விளக்கினார். ஹீட்டர் கரன்ட்டைச் சீராக இழுக்கும். அங்கே சாதா மீட்டரின் சராசரிக் கணக்கு சரிவரும். டிரைவ் விட்டுவிட்டு வெடுக்கென்று இழுக்கும். அங்கே அதே கணக்கு குறைத்துக் காட்டும். தன்னுடையது ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர், வயரைச் சூடாக்கும் நிஜ அளவைச் சொல்லும் என்றார்.

அந்த வயர் பதினாலைத் தாங்காது. அண்ணாச்சி ஓடிப்போய் மெயினை அணைத்தார். பாதி அச்சில் இயந்திரம் நின்றது. முதலாளி கத்திக்கொண்டு வந்தார்.

"மொதலாளி, காலண்டர் பிந்துனா சனவரியில திட்டுவாக. வயரு எரிஞ்சா நமக்குச் சனவரியே கெடையாது."

வயர் போன குழாயைப் பிரித்தோம். வயரின் உறை பழுப்பேறி இளகியிருந்தது. ஒரு கை தள்ளிக் கூரைவரை காகிதக் கட்டு. முதலாளி உடனே தடித்த வயர் வாங்க ஆளனுப்பினார்.

அப்புறம் அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை. புது மீட்டர் வாங்கி, டிரைவ் இருக்கும் அச்சகத்துக்கெல்லாம் அழையாமலே போனார். நாரணாபுரத்தில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போன வீட்டிலும் அதையே பேசியதாகக் கேள்வி.

அந்தக் காகிதக் கட்டுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் வேலை பார்த்தோம். அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தால் ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று ஆரம்பித்துவிடுவார். டீ ஆறிப்போகும்வரை பேசுவார். ஒருவரும் எழுந்து போனதில்லை.