கொல்லைப்புறத்து ராஜா

அந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குத் தொழிலே ஊரைப் பயமுறுத்துறதுதான். சிரிச்சுக்கிட்டு இருக்கிற மனுஷன் முன்னாடி போய் உக்காருவாரு. "உங்க வீட்டு மாடிப்படி ரொம்ப வழவழன்னு இருக்கே சார்"னு மெதுவா ஆரம்பிப்பாரு. டீ ஆறுறதுக்குள்ள அந்த மனுஷன் படியில உருண்டு, ஆஸ்பத்திரியில படுத்து, பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல விட்டுட்டுப் போயே சேர்ந்திருப்பாரு. எல்லாம் பேச்சுலதான். அப்புறம் கையெழுத்து.

இந்த வித்தை பலிக்காத ஒரே ஜீவன் அவரு பொண்டாட்டி. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்குறவ. மீசையை முறுக்குற பெரிய பெரிய ஆம்பளைங்க எல்லாம் ஊசியப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கண்ண மூடுறதை தினமும் பாக்குறவ. அவளைப் போய் எதைச் சொல்லி மிரட்டுறது?

சண்டை கொல்லைப்புறத்தைப் பத்தி. வீட்டுக்குப் பின்னாடி இடுப்பளவு புல்லு. அதுல தவளை இருக்கு, ஓணான் இருக்கு, குருவிக்கூடு இருக்கு. அப்படியே இருக்கட்டும்னு அவ. வழிச்சு எடுத்துட்டு சிமெண்ட் போட்டு கார் நிறுத்தணும்னு அவரு. கார் சும்மா சாக்கு. ராத்திரி தவளை கத்துனா போர்வையை இழுத்து தலையோட மூடிக்கிற மனுஷன் அவரு. ஆனா இதை வெளிய சொல்ல முடியுமா? புலியே வந்தாலும் நகர மாட்டேன்னுதான் தெருவுல பேச்சு.

அப்பதான் ஊருக்கு வெளியில ஒரு பெரியம்மா தன் தோட்டத்தை ஞாயித்துக்கிழமைகள்ல ஜனங்களுக்குத் திறந்து விடுறாங்கன்னு கேள்விப்பட்டாரு. வெட்டாத புல்லு, அள்ளாத சருகு, மருந்தே அடிக்காத செடி. எந்த உயிரையும் விரட்டக் கூடாது, அதான் அங்க சட்டம். இவளை அங்க கூட்டிட்டுப் போய் ஒரு மிரட்டு மிரட்டுனா போதும், தானே சிமெண்ட் கேப்பான்னு கணக்குப் போட்டாரு.

"பந்தயம். யாரு முதல்ல தோட்டத்துக் கேட்டைத் தாண்டி வெளிய போறாங்களோ அவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்க பேச்சுதான் கொல்லையில செல்லும்."

அவ உடனே சரிங்கன்னுட்டா. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டதுலயே மனுஷன் உஷாராயிருக்கணும். ஆகல. கொத்தனாருக்கு போன் போட்டு திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாரு.

தோட்டத்துக்குள்ள கால் வெச்சதும் தொழிலை ஆரம்பிச்சாரு. அந்த மரக்கட்டைக் குவியலுக்குள்ள தேளு குடும்பம் நடத்தும்னாரு. குளத்து ஓரம் வழுக்கும், உள்ள எது வாயைத் திறந்துக்கிட்டு இருக்கோன்னாரு. சருகு சலசலத்தா குனியாத, கண்ணைத்தான் கொத்தும்னாரு. அவ "அப்படிங்களா, அப்படிங்களா"ன்னு கேட்டுக்கிட்டே நடந்தா. நடுநடுவுல சந்தேகம் வேற.

"கொத்துனா எவ்வளவு நேரங்க உசுரு தாங்கும்?"

"அது... ஆளைப் பொறுத்தது."

"உங்களை மாதிரி வேர்த்துக் கொட்டுற ஆளா இருந்தா?"

அவரு சட்டைக் காலரை மேல ஏத்தி விட்டுக்கிட்டாரு. பாதித் தோட்டம் தாண்டுறதுக்குள்ள, தான் விக்க வந்த பயத்தை மொத்தமா தானே வாங்கிட்டாரு. தோள்ல இலை விழுந்தா தேளு. முதுகுல வேர்வை ஓடுனா பூரான். தும்பி ஒண்ணு காதோரம் பறந்ததுக்கு ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டாரு. வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்ல வாயெடுத்தாரு. சிமெண்ட்டை நெனச்சு அதை முழுங்குனாரு.

அப்ப புல்லு விலகுச்சு.

பாம்பு. கயிறு மாதிரி நீளமா, அவசரமே இல்லாம வந்து, அவரு ஷூ மேல ஏறி, அங்கயே கொஞ்ச நேரம் யோசிச்சுது. அவருக்கு முழங்காலுக்குக் கீழ எதுவுமே தன்னோடது இல்லைங்கிற மாதிரி ஆயிடுச்சு.

பொண்டாட்டி பாத்தா. பாம்பை இல்ல, அவரு மூஞ்சியை. லேப்ல ஊசியப் பாத்த ஆம்பளைங்க மாதிரியே கண்ணை இறுக்கி மூடியிருந்தாரு. "நான் தோத்துட்டேங்க"ன்னு மெல்லமா சொல்லிட்டு, போற வழியில அந்தப் பெரியம்மா காதுல என்னமோ ஓதிட்டு, பூவெல்லாம் பாத்துக்கிட்டே நடந்து கேட்டுக்கு வெளிய போய் நின்னா.

ஜெயிச்சாச்சு. ஆனா சேதி காலுக்குப் போய்ச் சேரல. பெரியம்மா தோட்டம் பாக்க வந்த ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, அவரைச் சிலை மாதிரி சுத்திக் காட்டுனாங்க. இத்தனை வருஷத்துல இப்படி அசையாம நின்ன மனுஷனைப் பாத்ததே இல்லையாம். பாம்பு இவரை மரம்னு நம்பிடுச்சாம்.

கேட்டுக்கு வெளியில இருந்து பொண்டாட்டி குரல் கொடுத்தா. "எங்க கொல்லைக்கு இனிமே அவருதாம்மா ராஜா. அவரு வெச்சதுதான் சட்டம்."

பெரியம்மா கிட்ட வந்தாங்க. "இது விஷமில்லாதது தம்பி. தினமும் பாதையிலயே வந்து படுக்குது, யாராவது மிதிச்சிருவாங்க. பயமில்லாத ஆளு கிடைச்சா குடுக்கலாம்னு இருந்தேன். உங்க கொல்லையில விட்டுக்கலாமா?"

வேண்டாம்னு கத்துனாரு. உள்ளுக்குள்ள. வெளிய காத்துதான் வந்துச்சு. நடுக்கத்துல தலை மட்டும் மேலயும் கீழயும் கிடுகிடுன்னு ஆடுச்சு. எவ்வளவு ஆசையா தலையாட்டுறாரு பாருங்கன்னு எல்லாரும் கை தட்டுனாங்க.

அவரு கண்ணைத் தொறந்து பாக்குறப்ப ஷூ மேல பாம்பு இல்ல. பெரியம்மா அவளைத் தனியா கூட்டிட்டுப் போய், மூடி போட்ட கூடை ஒண்ணைக் குடுத்து அனுப்பினாங்க. கார்ல கூடை பின்சீட்டுல. அவ ஓட்டுனா. அவரு முன்சீட்டுல காலைத் தூக்கி வெச்சு உக்காந்திருந்தாரு. மூடியத் தொறந்து ஒரு தரம் பாத்துக்கிறீங்களான்னு கேட்டா. தூங்கட்டும் பாவம்னாரு. வீட்டுக்கு வந்ததும் அவளே கொல்லைக்குப் போய், வெறும் கூடையோட திரும்பி வந்தா.

மறுநாள் கொத்தனார் வந்து நின்னாரு. "அய்யாவைக் கேளுங்க, அவருதான் ஜெயிச்சாரு. கொல்லையில இறங்கி எங்கெங்க போடணும்னு காட்டுவாரு"ன்னா அவ. அய்யா நாற்காலியை விட்டு இறங்கல. சிமெண்ட் போட்டா வீடு எப்படிக் கொதிக்கும், சூட்டுல மனுஷனுக்கு எப்படி மயக்கம் வரும்னு தொழில் முறையில எடுத்துச் சொன்னாரு. பயந்து போன கொத்தனார் வேலையும் வேண்டாம்னு கிளம்பிட்டாரு, ஒரு பாலிசியும் எடுத்துக்கிட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சு ஜன்னல் வழியா பாத்தா, புல்லுக்கு நடுவுல புதுசா மஞ்சப் பூச்செடிங்க வரிசையா நிக்குது. அந்தத் தோட்டத்துல பாத்த அதே பூ. அவருக்குச் சுருக்குன்னுச்சு.

"ஏய், அன்னைக்குக் கூடையில நிஜமா என்னதான் இருந்துச்சு?"

"இறங்கிப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். உங்க கொல்லைதானே?"

இன்னும் போகல.