ஏஞ்சல் ஒட்டிய ஏணி

படத்திலிருந்த சாம்பலைத் தொட்டு நெஞ்சில் மூன்றாவது சிலுவை போட்டபோது பிரிட்டோவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சின்ன இருமல் இல்லை. நாற்காலியோடு ஆளையே ஆட்டுகிற இருமல்.

பெண்டாட்டி ஏஞ்சல் தண்ணீர் கொண்டுவரவில்லை. கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுரையீரல் பாதி போச்சு, சிகரெட்டை விட்டால்தான் மீதி என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. விட்டுவிட்டேன் என்று மாதா மேல் சத்தியமும் செய்தான். சத்தியம் கீழே வீட்டோடு சரி. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாம்பல் தட்ட ஒரு பெயிண்ட் டப்பா.

ஏஞ்சல் ராஜகீழ்ப்பாக்கத்து ஸ்கூலில் டிராயிங் மிஸ். அட்டையில் எதையெதையோ ஒட்டி, சாம்பல் பூசி, அந்தப் படத்தை ஹாலில் மாட்டியிருந்தாள். மனுஷனும் இல்லை, மரமும் இல்லை. சாம்பலைப் பார்த்ததும் பிரிட்டோ முடிவு கட்டிவிட்டான். குருத்தோலையை எரித்த சாம்பல். சாம்பல் புதனுக்கு ஃபாதர் நெற்றியில் பூசுவாரே, அதேதான். மாத்திரையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

பக்கத்து வீட்டு சிட்டிபாபு உள்ளே வந்தான்.

"இன்னா மச்சான் இது, செவுரு தீஞ்சு போச்சா?"

"வாயக் கழுவுடா. கறுப்புல கோடு கோடா கீது பாரு, அது சொர்க்கத்து ஏணி. பளபளன்னு கீறது தேவ ஒளி. மஞ்சப் பஞ்சு, சம்மனசு, அதான் தேவதூதரு, அவரு றெக்கை."

"நடுவுல ஏன் வெள்ளையா வுட்டுக்கீது?"

"அதானே! ஏஞ்சலு, அத்தையும் பூசிடு. கொறையா நிக்குது."

"பூசலாம். சரக்கு நீதான் தரணும்."

"நானா?"

"ஏணி இல்லய்யா, உன் எக்ஸ்ரே. தாம்பரத்துல எடுத்தமே, வெலா எலும்ப எண்ணிக்கோ. பளபளப்பு, சிகரெட் பாக்கெட்டு உள்தாளு. றெக்கை, நீ தூக்கிப் போட்ட ஃபில்டர் பஞ்சு. சாம்பலு உன் டப்பாவுல அள்ளுனது."

சிட்டிபாபு செருப்பைத் தேடினான். பாக்கெட் வாங்கித் தருகிறவன் அவன்தான்.

பிரிட்டோ குனிந்து பார்த்தான். பனியன் முழுக்கச் சிலுவை. அவன் ஊதின சாம்பல். அதைத்தான் இத்தனை நாளும் நெஞ்சில் தேய்த்து, சுகம் கொடு ஆண்டவரே என்றிருக்கிறான்.

"அப்ப அந்த வெள்ளை?"

"உனக்கு மிச்சம் கீற நுரையீரலு. அத்தையாச்சும் வுட்டு வைய்யா." சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ. அந்த டப்பாவத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வா."

அவனுக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. மாடியேறினான். டப்பா கழுவிச் சுத்தமாக இருந்தது. மடியில் ஒன்றே ஒன்று பாக்கி. இதுதான் கடைசி என்று பற்றவைத்தான்.

கீழேயிருந்து ஏஞ்சல் கத்தினாள்: "சிதறாம டப்பாவுலயே தட்டு. கீற சாம்பலு அந்த வெள்ளைக்குப் பத்தாது."

குப்பையில் போடச் சொன்னாள். போடவில்லை. அதிலேயே தட்டினான்.