காத்து சார் வாங்கிய எக்ஸாஸ்ட் ஃபேன்

உலகத்தில் எல்லாச் சங்கடத்துக்கும் காரணம் காற்று, எல்லாவற்றுக்கும் மருந்தும் காற்று என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் காத்து சார். வயிற்றுவலி என்று போய் நின்றாலும், பையன் கணக்கில் ஃபெயில் என்று போய் நின்றாலும், "ஜன்னலைத் திறந்து வெச்சியா?" என்றுதான் முதலில் கேட்பார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எழுபதுகளில் மரக்காணத்து உப்பளம் ஒன்றில் அவர் சூப்பர்வைசர், நான் குமாஸ்தா. காலையில் வரப்பில் நின்று ஈர விரலைத் தூக்கிப் பிடிப்பார். மேலக்காற்று அடித்தால் முகம் மலர்ந்துவிடும். "இன்னிக்கு உப்பு பூத்துடும்" என்பார். மழைக்காற்று என்றால் அன்று பூராவும் யாரோடும் பேச மாட்டார். உப்பளத்துக்குப் பின்னால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் சாரும் அவர் மனைவி சரசு அக்காவும், இன்னொன்றில் கல்யாணமாகாத நான். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம்.

அந்த பாத்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வெந்நீர் அடுப்பு உள்ளேயே இருந்தது. வெளியே வைத்தால் கடல்காற்று நெருப்பை நிற்கவிடாது. சவுக்கு விறகுப் புகையும் வெந்நீர் ஆவியும் சேர்ந்து கண்ணை மறைக்க, சோப்பைக் கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது தமாஷ். சரசு அக்காவுக்கு இழுப்பு உண்டு. குளித்துவிட்டு வந்தால் வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். பாண்டிச்சேரி டாக்டர், இப்படியே போனால் தாங்காது, வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். திருவண்ணாமலையில் இருந்த அக்காவின் தம்பி, பொங்கல் கழிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியனுப்பினார். சாருக்குப் பிள்ளை குட்டி இல்லை. அக்காவும் போய்விட்டால் அந்தப் போர்ஷனில் அவரும் காற்றும்தான்.

சார் உப்பு அம்பாரத்தின் மேல் உட்கார்ந்து யோசித்தார். இறங்கி வந்து என்னிடம், "தம்பி, நாளைக்கு லீவ் போடு. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கப் போறோம்" என்றார்.

பாண்டிச்சேரி கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டு பாத்ரூமுக்கா? சினிமா கொட்டாய்க்கும் ஓட்டலுக்கும்தாங்க இதைக் கேட்டு வருவாங்க."

சார் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உள்ளே எங்கள் உப்புப் பாத்தித் தண்ணீர். கடையில் இருந்த ஃபேன்களின் இறக்கையிலெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுத் தடவினார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"எங்க ஊர் காத்துல இரும்பு நிக்காதுப்பா. எது துரு புடிக்குதுன்னு பாக்கணும்."

"அது எப்ப தெரியும்?"

"அவசரமில்ல. உக்காந்திருக்கோம்."

உட்கார்ந்தோம். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார், கடை மூடுகிற நேரம் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில், "அலுமினிய இறக்கை வெச்சது ஒண்ணு இருக்குது. ஓட்டல்காரருக்கு எடுத்து வெச்சேன். நீங்களே எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க சார்" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அது பஸ் ஸ்டியரிங் அளவு இருந்தது. திரும்பும்போது சார் அதை ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் நின்றுகொண்டு வந்தார்.

மறுநாள் சுவரை இடித்து ஃபேனைப் பொருத்தினோம். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்ற பேச்சு வந்தது. உப்பளத்து ஒயர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் விடவில்லை.

"பாத்தி எப்படி காயுது? மேல காத்து வந்து அடிக்கணும். காத்து உள்ள வந்தாதான் ஈரம் போவும். உள்பக்கமா வை."

உப்பளத்து ஆட்கள் நாங்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். எங்களுக்குத் தெரிந்த ஈரமெல்லாம் அப்படித்தான் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை அக்காவின் எண்ணெய்க் குளியலுக்காக அடுப்பு எரிந்தது. சார் விபூதி பூசிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். ஓட்டல் ஃபேன் ஊரிலுள்ள காற்றையெல்லாம் அள்ளி உள்ளே கொட்டியது. அடுப்புப் புகை மொத்தமும் கதவு வழியாக வீட்டுக்குள் பாய்ந்தது. என் போர்ஷனில் காயப்போட்ட வேட்டி பறந்து போய்க் கூரைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. உப்பளத்து ஆட்கள் வீடு பற்றிக்கொண்டது என்று குடத்தோடு ஓடி வந்து, கேள்வி கேட்காமல் சாரின் தலையில் ஊற்றினார்கள்.

அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவ்வளவு மோசமாக நான் பார்த்ததே இல்லை. சார் சொட்டச் சொட்ட நனைந்தபடி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறினார். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 

சேதி தெரிந்து தம்பிக்காரர் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். "போதும் மாமா. அக்கா என்கூட வரட்டும்" என்றார்.  சாரே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார்.

அக்காதான் கட்டிலிலிருந்து மெதுவாகக் கேட்டார். "ஏங்க, உப்பளத்துல அடுப்பு எரியுதா?"

"இல்லியே."

"இங்க எரியுதில்ல. காத்த உள்ள விட்டுட்டீங்க, சரி. புகை எங்க போவும்? எனக்குள்ளதான வரும்?"

சார் பெட்டியைக் கீழே வைத்தார். ஸ்டூலை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். நானும் ஒயர்மேனும் பின்னாலேயே ஓடினோம். ஃபேனைக் கழற்றி வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி மாட்டினோம். தம்பிக்காரர் கையில் ஓர் ஊதுபத்தியைக் கொடுத்து உள்ளே நிற்கவைத்தார் சார். புகை ஒரே கோடாக ஃபேனுக்குள் போய் வெளியே மறைந்தது. அடுப்பை மூட்டினோம். அந்தப் புகையும் அதே வழியில் போனது.

உடம்பு தேறியதும் அக்கா தலைக்குக் குளித்தார். நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரத்தலையில் துண்டோடு வெளியே வந்தவர், சுவரைப் பிடிக்காமல் நேராக நடந்து வந்து, "இன்னா எல்லாம் இப்படி நிக்கிறீங்க? யாராச்சும் சாப்டீங்களா?" என்றார். தம்பிக்காரர் சாயந்திர பஸ்ஸில் தனியாகத்தான் திரும்பினார்.

அதற்கப்புறம் அக்கா குளிக்கப் போகும்போதெல்லாம், கொல்லையில் அந்த ஃபேன் ஊதுகிற இடத்தில், புகையிலும் சீயக்காய் வாசனையிலும் சார் நின்றுகொண்டிருப்பார். கேட்டால், "காத்து ஒழுங்கா போவுதான்னு பாக்குறேன் தம்பி" என்பார். நானும் நம்பினேன். ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். காதைச் சுவரில் வைத்து, இருமல் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் காற்றைப் பற்றிப் பாடம் நடத்திய மனிதர், உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.