மத்தியானப் பேய்

அந்தப் பேயை உண்டாக்கியவனே நான்தான். அது என்னையே கலங்கடிக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

எனக்கு ஒரு பழைய ஹோட்டலில் ரிசப்ஷன் உத்தியோகம். ராஜா காலத்துக் கட்டடம். மாடிக் கோடி அறையில் ஒரு நாடகக்காரி ஆவியாகப் பாடிக்கொண்டு அலைகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கதை கட்டிவிட்டேன். அறையை ஒருவரும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கே கட்டையைச் சாய்ப்பேன். மனைவியிடம் சொன்னது வேறு. "மத்தியானம் மூச்சுவிட நேரமில்லை. பாப்பாவை ஸ்கூல்லேருந்து நீயே கூட்டிட்டு வந்துடு."

போன மாதம் வினை வந்தது. பக்கத்து அறைக்காரர் பெட்டியும் கையுமாக இறங்கி ஓடிவந்தார்.

"சார், உங்க நாடகக்காரி உறுமுறா!"

உறுமுகிறாளா? நான் அவளுக்குப் பாட்டு மட்டும்தானே கொடுத்திருந்தேன்! சமையல்காரரும் கேட்டாராம். அறை பெருக்கும் அம்மாவும் கேட்டாராம். எல்லாம் மத்தியானத்தில்தான். அந்நேரம் அந்த அறைக்குள்ளேயே கிடக்கிற என் காதில் மட்டும் ஏன் விழவில்லை? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பயம் தாங்காமல் மனைவியிடம் கொட்டிவிட்டேன். நான் அங்கே தூங்குவதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"எப்படி உறுமுதாம்?"

"முதல்ல மரம் அறுக்கிற மாதிரி. அப்புறம் கப்சிப். கடைசியில ஒரு விசில்."

"விசிலா?" நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க லீவு போட்ட அன்னைக்கு?"

"அதான் அதிசயம்! அன்னைக்கு அதுவும் வரலை!"

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பயந்துவிட்டாள்.

"இனிமே மத்தியானம் அந்த ரூம்ல நான் காவல் இருக்கேன். நீங்க பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க."

"ஒத்தையிலயா? பயமா இல்லையா உனக்கு?"

"பழகிப்போச்சு."

அன்றோடு உறுமல் நின்றது. எந்த மந்திரத்தில் என்றுதான் விளங்கவில்லை. முதலாளி மகிழ்ந்துபோய், "தினமும் வாங்கம்மா" என்று சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டார்.

நேற்று வெயிலில் பாப்பாவைத் தோளில் சுமந்து, வியர்க்க விறுவிறுக்க மாடியேறினேன். என் கட்டிலில் மனைவி சோம்பல் முறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்காவது பேய் வந்துச்சா?"

"எப்படி வரும்? அதைத்தான் ஸ்கூல் வாசல்ல நிறுத்தி வச்சிருக்கேனே!"